குரலுக்குக் கூலி

ஸ்வீடனின் ஐந்நூறு குரோனர் தாளில் ஒரு பாடகி இருக்கிறார். ராஜா இல்லை, ராணி இல்லை, தேசத் தந்தை இல்லை. பிர்கித் நில்சன் என்ற ஓபரா பாடகி. சிவப்புத் தாள். முன்பக்கம் அவர் முகம், பின்பக்கம் மால்மோவையும் கோபன்ஹேகனையும் சேர்க்கிற ஓரெசுண்ட் பாலம். 2016இல் புழக்கத்துக்கு வந்தது. அதற்கு முன்னால் 1996இலிருந்து ஓடிக்கொண்டிருந்த ஐம்பது குரோனர் தாளில் இருந்தவரும் ஓபரா பாடியவர்தான். ஜென்னி லிண்ட். அந்தத் தாள் இப்போது செல்லாது.

வேடிக்கை என்னவென்றால், இந்த நாட்டில் யாரும் காசைக் கையால் தொடுவதில்லை. கோயில் உண்டியல் மாதிரி தேவாலயத்தில் வைத்திருக்கிற பெட்டியில்கூட போன் நம்பர்தான் ஒட்டியிருக்கும். மால்மோவுக்கு வந்து ஆறு வருடத்தில் அந்த ஐந்நூறைக் கையில் வைத்துப் பார்த்தது ஒரே ஒரு தடவை. மகளின் பழைய சைக்கிளை வாங்க வந்த வயசாளி ஒருவர் கொடுத்தார்.

பணத்தாளில் முகம் போடுவது மரியாதை என்று எல்லோரும் சொல்வார்கள். எனக்கு அது பொருத்தம் என்று தோன்றுகிறது, அது வேறு. இந்தப் பெண்களின் வாழ்க்கையைப் படிக்கப் படிக்க கலை, தெய்வீகம், வரம் போன்ற சொற்களைவிட கூலி, ஒப்பந்தம், விடுப்பு, தொண்டைப் புண் போன்ற சொற்கள்தான் அதிகம் அகப்படுகின்றன. நான் படிக்க நேர்ந்ததே ஒரு மருத்துவ விடுப்பில்தான்.

*

என் வேலை தாய்மொழி ஆசிரியை. வீட்டில் வேறு மொழி பேசுகிற பிள்ளைகளுக்கு அந்த மொழியைப் பள்ளியில் சொல்லித்தர ஸ்வீடனில் சட்டம் இருக்கிறது. தமிழுக்கும் உண்டு. ஒரு பள்ளியில் நான்கு பிள்ளைகள், இன்னொன்றில் இரண்டு, இன்னொன்றில் ஏழு என்று சிதறிக் கிடப்பார்கள். நான் பஸ்ஸில் ஊரைச் சுற்றிக்கொண்டே இருப்பேன். எனக்கென்று வகுப்பறை கிடையாது. கிடைத்த இடத்தில் நடத்த வேண்டும். சாப்பாட்டுக் கூடம், நூலக மூலை, ஒரு பள்ளியில் உடற்பயிற்சிக் கூடத்தின் பக்கவாட்டு அறை. அந்தப் பக்கம் பந்து இடிக்கும், இந்தப் பக்கம் நான் ல, ள, ழ சொல்லிக்கொண்டிருப்பேன். ழகரத்தை மெதுவாகச் சொல்லிக் கற்றுக்கொடுத்தவர் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.

போன வருடம் நவம்பரில் ஒரு நாள் பாதி வகுப்பில் குரல் போயிற்று. கம்மவில்லை, கரகரக்கவில்லை. விளக்கை அணைத்த மாதிரி போய்விட்டது. மூக்கு வழியாக மெல்லிய குழாய் விட்டுப் பார்த்த மருத்துவர், குரல்நாணில் சின்ன ரத்தக்கசிவு, இரண்டு பக்கமும் காய்ப்பு விழ ஆரம்பித்திருக்கிறது என்றார். மண்வெட்டி பிடிக்கிறவன் உள்ளங்கையில் விழுமே, அதே காய்ப்பு. ஒரு வாரம் பேசவே கூடாது. கிசுகிசுக்கவும் கூடாது. அதற்குப் பிறகு பேச்சுப் பயிற்சி.

திரையில் என் தொண்டையை எனக்கே காட்டினார். வெள்ளையாக இரண்டு இதழ்கள், ஒன்றின் ஓரத்தில் சிவப்பு. குழாயைத் துடைத்தபடியே சொன்னார்: தொண்டைக்குள்ளே கண்ணாடி வைத்துப் பார்க்கலாம் என்பதை ஊருக்குக் காட்டியவர் மருத்துவர் இல்லை, ஒரு பாட்டு வாத்தியார். ஜென்னி லிண்டின் வாத்தியார்.

பேசக் கூடாது என்று சொல்லியாகிவிட்டது, கேள்வி கேட்க வழியில்லை. வீட்டுக்கு வந்து படிக்க ஆரம்பித்தேன்.

*

ஜென்னி லிண்ட் 1820இல் ஸ்டாக்ஹோமில் பிறந்தார். பிறந்தபோது அப்பாவும் அம்மாவும் கல்யாணம் ஆனவர்கள் இல்லை. அம்மா வீட்டிலேயே சின்னப் பள்ளிக்கூடம் நடத்தியவர், கோபக்காரி. ஒன்பது வயதில் ஜன்னலோரம் உட்கார்ந்து பூனைக்குப் பாடிக்கொண்டிருந்ததை, தெருவில் போன ஒரு பணிப்பெண் கேட்டாள். அவள் வேலை பார்த்தது அரச ஓபராவில் ஆடிய ஒரு நடனக்காரியின் வீட்டில். அவள் எஜமானியிடம் சொல்ல, எஜமானி மேலிடத்தில் சொல்ல, பிள்ளையை அரச நாடக அரங்கின் பள்ளியில் சேர்த்துவிட்டார்கள். சாப்பாடு, உடை, படிப்பு எல்லாம் அரங்கத்தின் செலவு. பதிலுக்கு அவள் மேடையில் உழைத்துக் கழிக்க வேண்டும்.

பத்து வயதில் மேடை ஏறினாள். 1838இல் வெபரின் ‘டெர் ஃப்ரைஷுட்ஸ்’ ஓபராவில் அகாத்தே வேடம். அன்றைக்கு அவளுக்கு வயது பதினேழு. அந்த மார்ச் 7ஐ வாழ்நாள் முழுக்க இரண்டாவது பிறந்தநாளாக வைத்துக்கொண்டார். அடுத்து நோர்மா, லூசியா என்று ஒன்றன்மேல் ஒன்றாகப் பெரிய வேடங்கள். முறையாகச் சொல்லிக்கொடுக்க ஆளில்லாமல், வளர்ந்து முடியாத தொண்டையை வைத்துக்கொண்டு அத்தனையும் பாடினார். இருபது வயதில் அரசவைப் பாடகி என்ற பட்டமும் வந்தது, குரலும் போனது.

1841இல் தன் காசைச் சேர்த்துக்கொண்டு பாரிசுக்குப் போய் மானுவேல் கார்சியா முன்னால் நின்றார். ஐரோப்பாவில் பெரிய பெயர் வாங்கிய குரல் ஆசிரியர். அவர் முன்னால் பாடிக் காட்டினார், பாட்டு நடுவிலேயே உடைந்தது. உனக்குச் சொல்லிக்கொடுக்க இப்போது குரல் எதுவும் மிச்சமில்லை என்ற பொருளில் சொல்லி, வாரக்கணக்கில் பாடவே கூடாது, பேச்சையும் முடிந்த அளவு குறை என்று அனுப்பிவிட்டார் அவர்.

அன்றைக்குக் கார்சியாவால் தொண்டைக்குள் எதையும் பார்த்திருக்க முடியாது. வெறும் காதால் கேட்டுத்தான் தீர்ப்புச் சொன்னார். பதிமூன்று வருடம் கழித்து 1854இல்தான் பல் வைத்தியர்கள் வைத்திருக்கிற சின்னக் கண்ணாடியை அடித்தொண்டையில் வைத்து, இன்னொரு கண்ணாடியால் சூரிய வெளிச்சத்தை அதன் மேல் அடித்து, தன் குரல்நாண்களைத் தானே பார்த்தார். அடுத்த வருடம் லண்டன் ராயல் சொசைட்டியில் அதைப் பற்றிய கட்டுரை வாசிக்கப்பட்டது. இன்றைக்குக் காது மூக்கு தொண்டை மருத்துவர்கள் செய்கிற சோதனை இங்கே ஆரம்பிக்கிறது. கார்சியா நூறு வயதைத் தாண்டி வாழ்ந்தார். அவர் கண்ணாடியைத் தேடியதற்கும் ஜென்னி மாதிரி உடைந்துபோய் வந்த பிள்ளைகளுக்கும் சம்பந்தம் இருந்திருக்கும் என்று நினைக்கத்தான் எனக்குப் பிடித்திருக்கிறது. நிரூபணம் கேட்காதீர்கள்.

இருபது வயதுப் பெண், மொழி தெரியாத ஊர், ஒற்றை அறை, பாடக் கூடாது, பேசக் கூடாது. புத்தகங்களில் இந்த வாரங்களை ஒரே வரியில் தாண்டிவிடுகிறார்கள். ஓய்வெடுத்தார், திரும்பினார், பயிற்சி தொடங்கியது. எனக்கு ஏழு நாட்கள்தான். அதிலும் கணவர், மகள், இன்டர்நெட் எல்லாம் உண்டு. ஆனாலும் மூன்றாம் நாள் ராத்திரி, இது திரும்பி வராவிட்டால் நான் என்ன வேலைக்கு லாயக்கு என்று கணக்குப் போட்டுக்கொண்டு படுத்திருந்தேன். அந்த ஒரு வரியைத் தாண்ட முடியவில்லை.

*

திரும்பி வந்த ஜென்னி லிண்ட் வேறு ஆள். பெர்லின், வியன்னா, 1847இல் லண்டன். முதல் நாள் விக்டோரியா ராணி உட்கார்ந்து கேட்டார். ஹான்ஸ் கிறிஸ்டியன் ஆண்டர்சன் இவர்மேல் காதலில் விழுந்தார், பயனில்லை. இதெல்லாம் எல்லோரும் எழுதியதுதான். நான் இரண்டு விஷயங்களில் நின்றுவிட்டேன்.

ஒன்று, சட்டம். அன்றைய ஸ்வீடனில் கல்யாணம் ஆகாத பெண் எத்தனை வயதானாலும் சட்டத்தின் முன் மைனர். சொத்து, பணம் எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ள ஒரு ஆண் காப்பாளர் வேண்டும். 1858இல்தான் இருபத்தைந்து வயது தாண்டிய பெண், நீதிமன்றத்தில் விண்ணப்பித்தால் அந்த நிலையிலிருந்து வெளியே வரலாம் என்று ஆனது. ஐரோப்பாவே வாய் பிளந்து கேட்ட ஜென்னி லிண்டுக்கும் காப்பாளர் இருந்தார், ஹென்ரிக் முந்தே என்ற நீதிபதி. நல்ல மனிதர்தான், ஜென்னி அவரைப் பெரிதும் நம்பினார். ஆனாலும் யோசித்துப் பாருங்கள். ஒரு ராத்திரிக்குப் பல நூறு குடும்பங்களின் வருமானத்தைச் சம்பாதிக்கிற பெண், தன் ஊர்க் காகிதத்தில் குழந்தை.

இரண்டாவது, அவர் நிறுத்திய விதம். 1849 மே 10, லண்டன். அத்துடன் ஓபராவே வேண்டாம் என்று விட்டுவிட்டார். வயது இருபத்தெட்டு. அதன் பிறகு கச்சேரிகள் மட்டும். பக்தி என்றார்கள், மேடை வாழ்க்கை பாவம் என்று நினைத்தார் என்றார்கள். பக்தி இருந்தது உண்மை. ஆனால் பத்து வயதிலிருந்து அரங்கத்தின் கடனை உடம்பால் கழித்து, ஒரு முறை முழுசாக உடைந்து எழுந்த ஆள், இனிமேல் என்றைக்கு, எதை, எவ்வளவு பாடுவேன் என்பதை நானே சொல்வேன் என்று நினைத்ததில் சாமியை எதற்கு இழுக்க வேண்டும்?

அடுத்த வருடமே அமெரிக்கா. கூட்டிப்போனவர் பி. டி. பார்னம், வினோதக் காட்சிசாலை நடத்திய வியாபாரி. இவர் பாடி அவர் ஒரு முறைகூடக் கேட்டதில்லை. பெயரை மட்டும் கேட்டு ஒப்பந்தம் போட்டார். ஒரு கச்சேரிக்கு ஆயிரம் டாலர், நூற்றைம்பது கச்சேரி வரை, செலவெல்லாம் அவருடையது. ஜென்னி தரப்பு, கப்பல் ஏறுவதற்கு முன்னாலேயே மொத்தப் பணத்தையும் வங்கியில் கட்டு என்றது. 1,87,500 டாலர். பார்னம் சொத்துகளை அடகு வைத்துத் திரட்டினார். நியூயார்க் துறைமுகத்தில் பல்லாயிரம் பேர். முதல் கச்சேரியின் முதல் டிக்கெட்டை ஒரு தொப்பிக் கடைக்காரர் 225 டாலருக்கு ஏலம் எடுத்தார், கடைக்கு விளம்பரமாகட்டும் என்று. தொண்ணூற்று மூன்று கச்சேரி ஆனதும், இந்த ஏலமும் தம்பட்டமும் போதும் என்று நஷ்டஈட்டைக் கட்டிவிட்டு ஜென்னி விலகினார். பிறகு தானே நடத்திக்கொண்டார். வந்த பணத்தில் பெரும்பகுதியை ஸ்வீடனில் இலவசப் பள்ளிகளுக்குக் கொடுத்தார்.

வெளியேறுவதற்கு என்ன விலை என்பதையும் ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்கியிருந்தார் பாருங்கள். எனக்கு அவருடைய கொடைகளைவிட அந்த ஷரத்துதான் பிடித்தது.

*

பேசாமலிருந்த அந்த வாரத்தில் அம்மா தினமும் வீடியோவில் வந்தாள். அம்மா இருப்பது முக்கூடல் பக்கம். வழக்கமாக நான்தான் பேசுவேன், அவள் ம் கொட்டுவாள். இப்போது தலைகீழ். முதல் நாள் என் தொண்டைக் கதையைக் கணவர் சொல்லக் கேட்டுவிட்டு, “ஏட்டி, நீ என்ன பாட்டுக்காரியா? தொண்டைக்கு லீவாம்ல” என்று சிரித்தாள். ஜென்னி லிண்ட் படத்தை அனுப்பி, பார்னம் கதையையும் நீளமாக டைப் செய்து அனுப்பியிருந்தேன். நான்காம் நாள், கேமராவைச் சொளவில் சாய்த்து வைத்துக்கொண்டு, தானாகவே ஒரு கதையை ஆரம்பித்தாள். குறுக்கே பேச ஆளில்லாததால்தான் அது முழுசாக வந்தது.

அம்மா கல்யாணத்துக்கு முன்னால் பீடி சுற்றியவள். எங்கள் பக்கம் அநேகம் வீட்டில் அதுதான் பிழைப்பு. தெருவில் ஏழெட்டுப் பெண்கள் ஒரு திண்ணையில் சேர்ந்து உட்கார்ந்து சுற்றுவார்கள். அதில் அம்மா மட்டும் எட்டாவது வரை படித்தவள். வாரப் பத்திரிகையில் வருகிற தொடர்கதையை அவள் சத்தமாக வாசிக்க வேண்டும், மற்றவர்கள் கேட்டுக்கொண்டே சுற்றுவார்கள். வாசிக்கிற நேரத்தில் அவள் கை சும்மா இருக்குமே, அவள் கணக்கு?

“ஆளுக்குப் பத்து பீடி சுத்தி என் சொளவுல போட்டுரணும்னு சொல்லிட்டேன். எட்டுப் பேரு, எம்பது பீடி. ஒரு அத்தியாயத்துக்கு அம்புட்டுதான். சில நாளு கதை முக்கியமான எடத்துல நிக்கும் பாத்துக்க, இன்னொண்ணு வாசிட்டின்னு கெஞ்சுவாளுவ. இன்னும் பத்துன்னு சொல்லுவேன். ரெண்டுக்கு மேல வாசிக்க மாட்டேன். தொண்ட கட்டிக்கிட்டா மறுநாளு யாரு தருவா?”

எனக்கு முப்பத்தொன்பது வயது. இந்தக் கதையை அதுவரை கேட்டதே இல்லை. கேட்க எவ்வளவோ இருந்தது, ஆனால் தலையை மட்டும்தான் ஆட்ட முடிந்தது. அவள், “சரி, ஒனக்கு பில்லு ஏறும்” என்று வைத்துவிட்டாள். வாட்ஸப் காலுக்குப் பில் ஏறாது என்று இன்னும் நம்புவதில்லை.

*

கிறிஸ்டினா நில்சன், ஜென்னிக்கு ஒரு தலைமுறை பிந்தியவர். 1843இல் ஸ்மாலண்ட் பகுதியில், வெக்ஷோவுக்குப் பக்கத்தில் ஏழை விவசாயக் குடும்பத்தில் பிறந்தார். சந்தை சந்தையாகப் போய்ப் பாடி, வயலின் வாசித்துக் காசு சேர்த்த பிள்ளை. 1857இல் யுங்பி சந்தையில் ஒரு நீதித்துறை அதிகாரி கேட்டுவிட்டுப் படிக்க வைத்தார். ஸ்டாக்ஹோம், பிறகு பாரிஸ். 1864இல் ‘லா திராவியாத்தா’வில் வியோலெத்தா. 1883 அக்டோபர் 22, நியூயார்க்கில் மெட்ரோபாலிடன் ஓபரா முதன்முதலாகத் திறந்த இரவில் ‘ஃபாஸ்ட்’ ஓபராவின் மார்கரித் இவர்தான். ‘ஓபராவின் ஆவி’ நாவலில் வருகிற ஸ்வீடன் பாடகி கிறிஸ்டீனுக்கு இவர்தான் மூலம் என்று பலரும் சொல்கிறார்கள். சந்தை, வயலின், பெயர் எல்லாம் பொருந்துகிறது.

ஆனால் அவரை நினைத்தால் எனக்கு வருவது 1885 செப்டம்பர் 23 மட்டும்தான். ஸ்டாக்ஹோமில் தண்ணீர்க்கரையைப் பார்த்து நிற்கிற கிராண்ட் ஓட்டலில் தங்கியிருந்தார். கச்சேரிக்கு டிக்கெட் வாங்க முடியாத ஜனங்களுக்காகப் பால்கனியில் நின்று பாடுவதாக ஏற்பாடு. ஐம்பதாயிரம் பேர் வரை கூடினார்கள் என்று கணக்கு. பாடினார், கைதட்டினார்கள், ஜன்னல் மூடியது. கூட்டம் கலைகிற நேரத்தில் ஒடுக்கமான இடத்தில் நெரிசல். பதினைந்து பேருக்கு மேல் மிதிபட்டும் மூச்சுமுட்டியும் செத்துப்போனார்கள். இறந்தவர்களின் குடும்பங்களுக்குக் கிறிஸ்டினா பணம் கொடுத்தார். மூன்று வருடத்துக்குள் மேடையை விட்டு விலகினார். அதற்கும் இதற்கும் முடிச்சுப் போட எனக்கு உரிமையில்லை. ஒரு ஸ்பானியப் பிரபுவை மணந்திருந்தார், வயது நாற்பதைத் தாண்டியிருந்தது, காரணம் எதுவாகவும் இருக்கலாம். ஆனால் சந்தையில் பாடிய பிள்ளைக்குத் தெரியும், பாட்டு முடிந்ததும் காசு போட்டுவிட்டு ஜனம் கலைந்து போகும் என்று. அன்றைக்கு இலவசமாகப் பாடினார், ஜனத்தால் கலைந்து போக முடியவில்லை. அந்தப் பால்கனியை வெளியிலிருந்து ஒருமுறை பார்த்தேன். கீழே படகுகளும் ஐஸ்கிரீம் வண்டியும் நின்றன.

அவர் இறந்தது 1921 நவம்பர். கல்யாணமான பெண்ணும் சட்டத்தின் முன் மேஜர் என்று ஸ்வீடன் ஒத்துக்கொண்டது அதே 1921இல்தான்.

*

ஏழு நாள் முடிந்து பேச்சுப் பயிற்சி ஆரம்பித்தது. பயிற்சி தந்த பெண் முதல் நாளே சொன்னது: நீ சத்தத்தைச் சத்தத்தால் ஜெயிக்கப் பார்க்கிறாய். பந்து இடிக்கிற சத்தத்தைவிடப் பெரிதாகக் கத்தினால் தொண்டைதான் போகும்.

ஓபராக்காரர்கள் மைக் இல்லாமல் தொண்ணூறு நூறு வாத்தியங்களைத் தாண்டிக் கேட்கிறார்களே, எப்படி என்று கேட்டேன். இதையும் ஒரு ஸ்வீடன்காரர்தான் ஆராய்ந்திருக்கிறார், ஸ்டாக்ஹோம் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் யோஹான் சுண்ட்பெர்க். ஆர்கெஸ்ட்ராவின் பலம் முழுக்க ஐந்நூறு ஹெர்ட்ஸ் அருகில் குவிகிறது. மேலே போகப் போகக் குறைகிறது. பயிற்சி பெற்ற ஆண் பாடகர்கள் மூவாயிரம் ஹெர்ட்ஸ் பக்கம், வாத்தியங்கள் விட்டுவைத்த இடைவெளியில், தங்கள் குரலின் ஆற்றலைச் சேர்த்து வைக்கிறார்கள். சோப்ரானோக்கள் வேறு வழி செய்கிறார்கள். சுருதி ஏற ஏறத் தாடையைத் திறந்து, வாயறையின் ஒத்ததிர்வை அந்தச் சுருதிக்கே கொண்டுபோய்ச் சேர்க்கிறார்கள். அப்போது அதே மூச்சுக்குப் பல மடங்கு சத்தம் கிடைக்கிறது. ஆக, கத்துவது இல்லை. காலியாக இருக்கிற இடம் எது என்று பார்த்து அங்கே போய் நிற்பது.

இந்த வித்தையின் உச்சம்தான் பிர்கித் நில்சன். 1918இல் ஸ்கோனே மாநிலத்தில், வெஸ்த்ரா காருப் கிராமத்தில் பிறந்தார். பண்ணை வீடு, ஒற்றைப் பிள்ளை. பால் கறந்தார், வயலில் வேலை பார்த்தார். பண்ணையைப் பார்த்துக்கொள்ள மகள் இங்கேயே இருக்க வேண்டும் என்பது அப்பாவின் எண்ணம். அம்மாதான் பக்கபலம். 1941இல் ஸ்டாக்ஹோம் இசைக் கழகத்தில் சேர்ந்தார். அங்கே கிடைத்த பயிற்சி தன் குரலைக் கொல்லப் பார்த்தது என்று கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார். மேடைதான் தனக்கு நல்ல ஆசிரியர் என்பார். 1946இல் அவருடைய முதல் வேடம், மூன்றே நாள் அவகாசத்தில், அதே அகாத்தே. ஜென்னி லிண்ட் இரண்டாவது பிறந்தநாளாக வைத்துக்கொண்ட அந்த வேடம்.

அப்புறம் நடந்தது உலகத்துக்கே தெரியும். பைரோய்த், வியன்னா, மிலான், 1959 டிசம்பரில் நியூயார்க்கில் இசோல்டே. மறுநாள் நியூயார்க் டைம்ஸ் முதல் பக்கத்தில் செய்தி வந்தது. பத்து நாள் கழித்து ஒரு கூத்து நடந்தது. அவருக்கு ஜோடியாகப் பாட வேண்டிய மூன்று டெனர்களுக்கும் உடம்பு சரியில்லை. முழு வேடத்தையும் தாங்க யாராலும் முடியாது என்றானதும், ஆளுக்கு ஓர் அங்கம் என்று பிரித்துக்கொண்டார்கள். மூன்று டிரிஸ்டன், ஒரே இசோல்டே. ஆரம்பத்தில் எப்படிப் பாடினாரோ அப்படியே முடித்தார்.

இசோல்டே பாட என்ன வேண்டும் என்று கேட்டவர்களிடம் வசதியான செருப்பு வேண்டும் என்று சொன்னவர். வருமான வரிப் படிவத்தில் உங்களை நம்பி இருப்பவர்கள் யார் என்ற கேள்விக்கு மெட்ரோபாலிடன் ஓபராவின் தலைவர் பெயரைச் சொன்னதாக ஒரு கதை. மேடையை இருட்டாக வைப்பதே பாணி என்றிருந்த கரயானின் ஒத்திகைக்குச் சுரங்கத் தொழிலாளியின் விளக்குத் தொப்பியை மாட்டிக்கொண்டு வந்தார். எல்லாரும் இதைப் பண்ணைக்காரியின் நகைச்சுவை என்று ரசிக்கிறார்கள். எனக்கு அது தொழிலாளியின் பேச்சாகத்தான் கேட்கிறது. நிற்க நல்ல செருப்பு, பார்க்க வெளிச்சம், கணக்கில் நேர்மை. அமெரிக்க வரித் தகராறில் எழுபதுகளில் சில வருடம் அந்த நாட்டுப் பக்கமே போகவில்லை. குரல் நல்ல நிலையில் இருந்த வருடங்கள் அவை. அது நஷ்டம்தான், கேட்பவர்களுக்கும்.

எலிசபெத் சொடர்ஸ்ட்ரொம் பற்றித் தனியாக எழுத வேண்டும், இங்கே இடமில்லை. ஒன்றே ஒன்று. முந்நூறு வருடத்துக்கு மேல் வாழ்ந்து குரல் குறையாத பாடகியைப் பற்றி யானாசெக் எழுதிய ‘மாக்ரோபுலோஸ்’ ஓபராவில் அந்த வேடத்தை ஒலித்தட்டில் பாடியிருப்பவர் அவர். சாகாத, தேயாத குரல் எவ்வளவு பயங்கரம் என்று கேட்க விரும்புகிறவர்கள் அதைக் கேட்கலாம்.

*

ஜூன் மாதம் வெஸ்த்ரா காருப்புக்குப் போனோம். பொஸ்தாத் வரை ரயில், பிறகு பஸ். அந்தத் தீபகற்பம் உருளைக்கிழங்குக்குப் பெயர் போனது. வழி நெடுகிலும் வயல்தான். பிறந்த பண்ணை இப்போது அருங்காட்சியகம். மேடை உடைகளைப் பக்கத்தில் பார்த்தால் கனம் தெரிகிறது. அதைப் போட்டுக்கொண்டு நான்கைந்து மணி நேரம் நிற்க வேண்டும் என்றால் செருப்பு வேடிக்கைப் பேச்சில்லை.

ஊர் தேவாலயத்துக் கல்லறையில்தான் அவரும் இருக்கிறார். 2005 டிசம்பர் 25 அன்று இறந்தார். செய்தி வெளியே வந்தது ஜனவரியில், அடக்கமெல்லாம் முடிந்த பிறகு. முகம் தெரியாத கூட்டம் இல்லாமல் ஊர்க்காரர்களோடு முடித்துக்கொண்டார்கள். விட்டுச்சென்ற பணத்தில் அவர் பெயரில் பத்து லட்சம் டாலர் பரிசு ஒன்று இருக்கிறது. முதல் பரிசு யாருக்கு என்று தானே எழுதி மூடி வைத்துவிட்டுப் போயிருந்தார். பிளாசிடோ டொமிங்கோ. 2018இல் அது நினா ஸ்டெம்மேவுக்குப் போனது. அவரும் ஸ்வீடன் சோப்ரானோ, அவரும் இசோல்டே. நினா பாட்டோடு சேர்த்து வணிகமும் பொருளாதாரமும் படித்தவர் என்று தெரிந்தபோது எனக்குத் தனி சந்தோஷம்.

ஆகஸ்டில் புது வருடத்துக்கான ஒப்பந்தப் பேச்சு. ஏழு பள்ளிகள் என்று அட்டவணை அனுப்பியிருந்தார்கள். நான் ஐந்து என்று எழுதினேன். கதவு மூடுகிற அறை வேண்டும், கழுத்தில் மாட்டுகிற சின்ன ஒலிபெருக்கி வேண்டும், பள்ளி மாறுகிற பயண நேரத்துக்குச் சம்பளம் வேண்டும். சம்பளம் குறையும் என்றார்கள். எவ்வளவு என்று கேட்டேன். சொன்னார்கள். யோசிக்க இரண்டு நாள் கேட்டுவிட்டு அம்மாவைக் கூப்பிட்டேன்.

“ரூமு தருவாங்களா?”

“தருவாங்களாம்.”

“பஸ்ல போற நேரத்துக்கு?”

“பாதி தரேங்காங்க.”

“முழுசா கேளு,” என்றாள். “பாதிக்கு அப்புறமா எறங்கலாம்.”